தகவல் துளி: சாலையில் தூவும் உப்பு

மார்கழிக் குளிர் எவ்வளவு கடித்தாலும் நம் கோலார் தங்கவயல் சாலைகளில் தண்ணீர் உறைவதில்லை. தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் டொராண்டோவில் உறைகிறது. வண்டிகள் வழுக்காமலிருக்க மாநகராட்சி லாரிகள் அங்கே உப்பைத் தூவுகின்றன. உப்பு கலந்த நீர் பூச்சியம் டிகிரியில் உறையாது.

ஆனால் பனி உருகியதும் அந்த உப்பு ஓடைக்கும் ஏரிக்கும் நிலத்தடி நீருக்கும் போய்ச் சேர்கிறது. நன்னீர் உயிர்கள் தவிக்கின்றன, பாலத்து இரும்பு துருப்பிடிக்கிறது. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குத் தீங்கானது என்று 2001இல் கனடா அரசின் ஆய்வு சொன்னது. 2004இல் அதற்கான நடைமுறை விதிகள் வந்தன.

உப்பைக் குறைக்க வழிகள் உண்டு. பனியை முதலில் வழித்தெடுக்கலாம். உப்பை ஈரமாக்கித் தூவினால் சிதறாமல் சாலையில் ஒட்டும். பனி விழுமுன்பே உப்புக் கரைசலைத் தெளித்தால் குறைந்த உப்பே போதும். கடுங்குளிரில் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது, அப்போது மணல் தூவலாம்.

நம் ஊரில் தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளின் மண்ணையும் மழை இப்படித்தான் அடித்துச் செல்கிறது. நிலத்தில் கொட்டுவது எதுவானாலும் ஒருநாள் தண்ணீரில் கலக்கலாம். எனவே கொட்டும்போதே அளவு பார்ப்போம்!