சுக்கான்பாறையில் பூக்கும் கள்ளிமுளையான்

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி, திருச்சுழிப் பக்கம் போனால், கரிசலுக்கு நடுவே மண் வெளுத்துச் சுக்கான்பாறை என்னும் சுண்ணாம்புக்கல் தலைநீட்டும் இடங்கள் வரும். உழவுக்கு ஆகாது என்று மேய்ச்சலுக்கு விட்ட நிலம். கணக்கில் அது தரிசு. இப்படிப்பட்ட கல்லாங்காடுகளில் சூரை, காரைப் புதர்களின் முள்ளுக்குள் ஒதுங்கி வளர்கிறது கள்ளிமுளையான்.

பெயரில் கள்ளி இருந்தாலும் இது எருக்கின் சொந்தம். இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. விரல் பருமனில் நாலு பட்டையாக எழும் பச்சைத் தண்டுதான் அந்த வேலையையும் பார்க்கிறது. மழை கண்டபின் நுனி மெலிந்து நீண்டு, கருஞ்சிவப்பு நட்சத்திரங்களாகப் பூக்கள் தொங்கும். சில வகைகளில் இதழோரத்து மயிர்கள் லேசான காற்றுக்கும் துடிக்கும். இந்தக் குடும்பத்துப் பூக்கள் பலவற்றில் அழுகல் வாடை வீசும். இறைச்சி என்று நம்பி வரும் ஈயின் உடம்பில் மகரந்தம் பொட்டலமாக ஒட்டிக்கொள்ள, அடுத்த பூவுக்கு அதுவே போய்ச் சேரும்.

இந்த வெயிலில் அது பிழைக்கும் விதம்தான் என்னை மிகவும் வியக்கவைக்கிறது. பகலில் தண்டின் நுண்துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ந்த பிறகே திறக்கும். அப்போது உள்ளே வரும் கார்பன் டை ஆக்ஸைடை மாலிக் அமிலமாகச் சேர்த்துவைத்து, விடிந்ததும் வெயிலைக் கொண்டு சர்க்கரையாக்கும். அதனால் இவ்வகைச் செடிகள் காலையில் புளிக்கும். பொழுது ஏற ஏறப் புளிப்பு இறங்கும். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த தாவரவியலர் பெஞ்சமின் ஹெய்ன், நம் ரணகள்ளி இலையை மென்று பார்த்தே இதைக் கண்டுகொண்டார். அவர் குறிப்பு 1815-ல் லண்டனில் அச்சேறியது.

ஆடு மேய்க்கப் போனவர்கள் பசிக்கு இந்தத் தண்டைப் பச்சையாகவே கடித்தார்கள். வீட்டில் புளியும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைத்தார்கள். பசியடக்கும் அந்தக் குணமே செடிக்கு வினையாயிற்று. 2007-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள் 50 பேரிடம் 60 நாள் சோதித்து, சாறு சாப்பிட்டவர்களுக்குப் பசியும் இடுப்புச் சுற்றளவும் குறைந்ததாக எழுதினார்கள். எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. ஆனாலும் இளைக்கும் மாத்திரைச் சந்தை உலகமெங்கும் விரிந்தது. காட்டில் பிடுங்கும் கைகளும் கூடின.

பிடுங்கும் கைகளுக்கு வேறு நாட்டிலும் அஞ்சியதுண்டு. இங்கிலாந்தின் சுண்ணாம்புப் புல்வெளிகளில் அற்றுப்போனதாக நினைத்த மிலிட்டரி ஆர்க்கிட் என்னும் பூச்செடியை 1947-ல் தாவரவியலர் லவுஸ்லி ஒரு காட்டில் மறுபடி கண்டபோது, பறித்துவிடுவார்கள் என்று அஞ்சி இடத்தை வெளியே சொல்லவில்லை. இன்று அந்தக் காடு காப்பகம்.

நம் கள்ளிமுளையானுக்கு, பிடுங்குபவரைவிடப் பெரிய பகை அந்த நிலத்துக்கு நாம் வைத்த பெயர். மத்திய அரசு 2000 முதல் வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்க்காடும் தரிசாகவே சேர்கிறது. தரிசு என்றான பின் அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டினாலும், சீமைக்கருவேலம் வெயிலே விழாமல் மூடினாலும் கேட்பாரில்லை. வெட்டிய குழியோரம் மரம் நட்டுப் பசுமையாக்கினாலும், ஈயும் முள்ளும் வெளுத்த கல்லும் சேர்ந்த அந்தக் காடு திரும்பாது.

தண்டை ஒடித்து நட்டால் வேர்விடும் செடி இது. தொட்டியில் காப்பது எளிது. காட்டில் காக்க வேண்டுமானால், சுரங்கத்துக்கு நிலம் அளக்கும் முன்பே, மழை முடியும் கார்த்திகை, மார்கழியில் தாவரக் கணக்கு எடுக்க வேண்டும். சித்திரையில் போனால் வதங்கிய தண்டு கண்ணுக்கே தட்டுப்படாது.