ஒரே பாதையில் இரண்டு கோள்கள்

ஒன்பதாம் வகுப்பில் சூரியக் குடும்பம் நடத்தினால் இந்தக் கேள்வி வராமல் போகாது: "சார், பூமி போற பாதையிலேயே இன்னொரு பூமி போனா இடிச்சுக்காதா?" வட்டத்துக்கு ஒரு கோள் என்று வரைந்து வைத்திருக்கும் படங்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் பதிலுக்குச் சனிக்கோளின் நிலாக்களைத்தான் இழுப்பேன்.

1966 டிசம்பரில் சனிக்கு அருகே ஒரு நிலாவைக் கண்டார் பிரான்சின் வானியலாளர் ஆதுவான் டோல்ஃபஸ். மூன்று நாள் கழித்து அதே வட்டாரத்தில் ரிச்சர்ட் வாக்கரும் ஒன்றைக் கண்டார். இருவரும் கண்டது ஒரே நிலா என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒத்துவரவில்லை. இருப்பவை இரண்டு என்று ஃபவுண்டன், லார்சன் என்ற வானியலாளர்கள் சொல்ல 1978 ஆயிற்று. 1980இல் வாயேஜர் 1 விண்கலம் அதை உறுதி செய்தது. அவைதாம் ஜானஸ், எபிமெதியஸ்.

இவற்றின் பாதைகளுக்கு இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான். ஜானஸின் குறுக்களவே ஏறக்குறைய 180 கிலோமீட்டர். ஆக, ஒதுங்கி வழிவிட இடமில்லை. உள்பாதையில் இருப்பது சற்று வேகமாகச் சுற்றி, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மற்றதை எட்டிப் பிடிக்க வருகிறது. அப்போது முன்னால் போவது பின்னால் வருவதைத் தன் பக்கம் இழுக்கும். இழுபட்டது ஆற்றல் கூடி வெளிப்பாதைக்கு ஏறுகிறது. வெளிப்பாதையில் வேகம் குறைவு, அதனால் பின்தங்கிவிடுகிறது. இழுத்தது ஆற்றலை இழந்து உள்ளே இறங்கி விரைகிறது. இடம் மாறியாயிற்று, மிக நெருங்கும்போதும் நடுவில் 10,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். முன்னால் இழுத்தால் பின்தங்குமா என்று மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். கரும்பலகையில் படம் போட்ட பிறகும் இரண்டு பேர் நம்ப மாட்டார்கள்.

ஒரே பாதையில் இடிக்காமல் போக இன்னொரு வழி, 60 பாகை விலகி ஒரே வேகத்தில் போவது. 1772இல் லக்ராஞ்சு கணக்கில் கண்டது இது. 1906இல் மாக்ஸ் வோல்ஃப் கண்டுபிடித்த அகிலிஸ் என்ற சிறுகோள் வியாழனோடு அப்படித்தான் போகிறது. இந்த ஏற்பாடு நிலைக்க, பாதையைப் பகிரும் இரண்டின் நிறையும் சேர்ந்து விண்மீனோடு கூட்டிய மொத்தத்தில் 27இல் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். நம் வியாழனே சூரியனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே இரண்டு வியாழன்களையே ஒரு பாதையில் விடலாம். சூரியனுக்கு நேர் பின்னால் ஒளிந்திருக்கும் பூமி மட்டும் கதைக்குத்தான் ஆகும். அந்த இடம் நிலையில்லாதது.

2006இல் வானியலாளர்கள் வகுத்த வரையறைப்படி, தன் பாதைச் சுற்றுப்புறத்தில் வேறு பொருள்கள் இல்லாதபடி துப்புரவு செய்ததுதான் கோள். ஒரே பாதையில் இரண்டு பூமிகள் சிக்கினால் எதைக் கோள் என்பார்களோ!

இப்படி ஒரு ஜோடி எங்காவது இருக்கிறதா? சுமார் 400 ஒளியாண்டுக்கு அப்பால் பி.டி.எஸ். 70 என்ற இளம் விண்மீன் இருக்கிறது. அதன் ஒரு கோளின் பாதையில், 60 பாகை தள்ளி, தூசுத் திரள் இருக்கும் அறிகுறியைச் சிலியின் ஆல்மா தொலைநோக்கித் தரவுகளில் கண்டதாக 2023இல் அறிவித்தார்கள். அதன் நிறை நம் நிலாவைப்போல் இரண்டு மடங்கு வரை இருக்கலாமாம். கோளோடு சேர்ந்து அதுவும் நகர்கிறதா என்று பார்க்க 2026 தாண்ட வேண்டும் என்றார்கள். அந்தக் கோள் ஒருமுறை சுற்றிவரவே நூறு ஆண்டுக்கு மேல் ஆகும்.