ஆலை மதிலோரம் நம் ஊர்க் கன்றுகள்

தொழிற்பேட்டைகளை அடுத்த கிராமங்களில் நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. மே மாதக் கடைசியிலும் நவம்பர் மாதக் கடைசியிலும் ஆலைகளிலிருந்து ஆள் வரும். "ஆயிரம் கன்று உடனே வேண்டும். எந்தக் கன்றாக இருந்தாலும் சரி, உயரமாக இருந்தால் போதும்" என்பார்கள். இருப்பதைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டு நாமும் பேசாமல் இருந்துவிடுகிறோம். இந்த அவசரம் ஏன் என்று விசாரித்தால், சிறு விவசாயிக்கு அதில் ஆண்டு முழுவதும் வேலை இருப்பது தெரியவரும்.

பெரிய ஆலைகள் பலவும் மத்திய அரசின் 2006 ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி பெற்றே நடக்கின்றன. அனுமதியில் கண்ட நிபந்தனைகளை நிறைவேற்றி வருவதாக ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் ஆண்டுக்கு இருமுறை அவை அறிக்கை தர வேண்டும. அந்த நிபந்தனைகளில் ஒன்று, மதிலை ஒட்டி மரம் வளர்த்துப் பசுமை வளையம் அமைப்பது. தேதி நெருங்கும்போதுதான் கன்று நினைவுக்கு வருகிறது. அனுமதி தேவைப்படாத சிறிய ஆலைகளுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை உண்டு. 1974 ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981 ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் ஆகியவற்றின்கீழ் தரப்படும் அந்த ஆணையிலும் மரம் வளர்க்கும் நிபந்தனை இருப்பது வழக்கம். இவை போக, கட்டட அனுமதி வாங்கிய வரைபடத்தில் மதிலிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதும் இருக்கும்.

எவ்வளவு இடத்தில் மரம் வைக்க வேண்டும்? மொத்த நிலத்தில் 33 சதவீதம், ஹெக்டேருக்கு 2500 மரம் என்பதே நெடுங்காலமாக அனுமதிக் கடிதங்களில் எழுதப்பட்டு வந்த அளவு. 2025 ஆம் ஆண்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்த ஒரே அளவை மாற்றி, ஆலை எந்த மாசு வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து அளவு வேறுபடும்படி செய்தது. ஆகவே யாரோ சொன்னார்கள் என்று 33 சதவீதக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். அந்த ஆலைக்குத் தரப்பட்ட கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். "ஐயா, அந்த நிபந்தனைப் பக்கத்தை மட்டும் ஒரு நகல் கொடுங்கள்" என்று மேனேஜரிடம் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நகரத்திலிருந்து வரும் கான்ட்ராக்டர்கள் முதலில் கேட்டு வாங்குவது அதைத்தான்.

பழைய அளவுப்படி ஒரு கணக்குப் பார்ப்போம். 5 ஏக்கர் ஆலைக்கு 33 சதவீதம் என்றால் 1.65 ஏக்கர். ஹெக்டேருக்கு 2500 மரம் என்பது 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி. அப்படியானால் சுமார் 1650 கன்றுகள் நிற்க வேண்டும். கன்றுக்கு 10 லிட்டர் வீதம் வாரம் இருமுறை ஊற்றினால் வாரத்துக்கு 33,000 லிட்டர் தண்ணீர், அதாவது 6,000 லிட்டர் டேங்கரில் ஐந்தரை நடை. கன்று விலையைப் பேசுவதற்கு முன்னால் பேச வேண்டியது இந்தத் தண்ணீரைத்தான். இதை நான் தெரிந்துகொண்டது காசைத் தொலைத்த பிறகு.

எங்கள் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஒரு ஆலை. அவர்களுக்கு ஐப்பசி மாதத்தில் 800 கன்று கொண்டுபோய் நட்டுக் கொடுத்தேன். பாதிப் பணம் நட்டவுடன், மீதிப் பாதி ஓராண்டு கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு கன்று உயிரோடிருந்தால் என்பது ஒப்பந்தம். கன்று நல்ல கன்று, மழையும் பெய்தது, எனக்குக் கவலையே இல்லை. தை பிறந்து மழை ஓய்ந்ததும், ஆலையில் சுத்திகரித்த கழிவு நீரைக் குழாய் போட்டுப் பாய்ச்ச ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்தில் இலை ஓரங்கள் கருகின. நாவலும் மகிழமும் முதலில் போயின, அப்புறம் சரக்கொன்றை. புங்கனும் பூவரசும் மட்டும் வாடினாற்போல நின்று தப்பித்துக்கொண்டன. ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துப்போய் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தேன். மின்கடத்தும் திறன் 3 டெசிசைமனுக்கு மேல் என்று சீட்டு வந்தது. அந்த அளவைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கே ஆகாது, இளங்கன்று என்ன செய்யும்? சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். "அண்ணா, கன்று உங்களுது. செத்தா நீங்கதானுங்க பொறுப்பு. ஒப்பந்தத்துல தண்ணியைப் பத்தி ஒண்ணும் எழுதலையே" என்றார் அங்கே இருந்த தம்பி. அவர் சொன்னதில் தவறு கிடையாது. கையெழுத்துப் போட்டது நான்தான். மீதிப் பணம் வரவில்லை.

அதற்குப் பிறகு எழுதும் ஒப்பந்தங்களில் மூன்று விஷயங்களை விடுவதில்லை. எந்தத் தண்ணீர், அதன் பரிசோதனைச் சீட்டு எங்கே, நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் என்பது முதலாவது. தண்ணீர் ஆலையின் பொறுப்பு, களையும் பாத்தியும் ஊன்றுகோலும் என் பொறுப்பு என்று பிரித்து எழுதுவது இரண்டாவது. மூன்றாவது, பணத்தை இரண்டாகப் பிரிக்காமல் பலவாகப் பிரிப்பது. கன்று இறங்கியதும் கன்றின் முழு விலை. நட்டதும் நடவுக் கூலி. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அன்று எண்ணி நிற்கும் கன்றுக்கு இவ்வளவு என்று பராமரிப்பு. எண்ணும்போது ஆலை ஆளும் நாமும் சேர்ந்து எண்ணி நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இப்படிச் செய்தால் சாவில் ஒரு பங்கு நமக்கும் உண்டு, ஆனால் மொத்தமும் நம் தலையில் விழாது.

தண்ணீர்ச் சீட்டைப் பார்த்த பிறகுதான் மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் புங்கன், பூவரசு, வேம்பு. கடலோர மாவட்டங்களில் சவுக்கும் புன்னையும். நல்ல தண்ணீர் கிடைத்தால் நீர்மருது, நாவல், இலுப்பை, மகிழம் எல்லாம் வைக்கலாம். கரியும் தூசியும் பறக்கும் ஆலைக்கு இலை அடர்ந்து ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் மரமே வேண்டும். வெயில் காலத்தில் மொட்டையாக நிற்கும் மரம் தூசியைப் பிடிக்காது. மதிலை ஒட்டி ஆலும் அரசும் ஒருபோதும் வேண்டாம். பத்து ஆண்டில் வேர் மதிலைப் பிளந்துவிடும், அன்று நம்மைத்தான் தேடுவார்கள். மின்கம்பி போகும் இடத்தின் கீழே உயரும் மரத்தை வைக்காமல் அரளி, நந்தியாவட்டை போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தீயணைப்பு வண்டி சுற்றிவரும் பாதையில் ஒரு செடிகூட இருக்கக் கூடாது. வரிசைகளை நேர்க்கோட்டில் வைக்காமல் முன்வரிசை இடைவெளிக்கு நேராகப் பின்வரிசைக் கன்று வரும்படி முக்கோணமாக நடுவதே காற்றையும் தூசியையும் தடுக்கும்.

இங்கே கோனோகார்பஸ் என்னும் செடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சீக்கிரம் வளர்ந்து மதில்போல் பச்சையாக நிற்கும் என்று ஆலைகள் அதை விரும்பி வாங்கின, நம்மவர்களும் போத்து வைத்து ஆயிரக்கணக்கில் விற்றார்கள். 2025 ஆம் ஆண்டில் தமிழக அரசு அதை வளர்க்கவும் விற்கவும் தடை விதித்துவிட்டது. இன்னும் யாராவது நாற்றங்காலில் வைத்திருந்தால் அழித்துவிடுவது நல்லது. சீமைக் கருவேலமும் அப்படித்தான். அந்நியக் களைத் தாவரங்களை ஒழிக்க 2022 ஆம் ஆண்டில் வந்த அரசின் கொள்கை அதையும் குறிவைக்கிறது. செலவில்லாத வேலி என்று ஆலைக்கு அதைச் சொல்லிவிடாதீர்கள்.

வேலி என்றதும் கொங்கு நாட்டு விவசாயிக்குக் கிளுவை நினைவுக்கு வராமல் இராது. கொறங்காட்டைச் சுற்றி நம் பாட்டன்மார் வைத்த அதே கிளுவையைத்தான் இன்று ஆலை மதிலுக்கு வெளியேயும், கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்த இடத்திலும் வைக்கக் கேட்கிறார்கள். கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத போத்துகளை வெட்டி, இரண்டு நாள் நிழலில் போட்டுவைத்து, ஈரம் இருக்கும்போது அடிக்கு ஒன்றாக நட வேண்டும். 100 மீட்டருக்கு ஒரு வரிசை என்றால் 330 போத்து, இரண்டு வரிசை என்றால் 660. வேலியை வருடாவருடம் கழித்துவிடும் விவசாயிக்கு இந்தப் போத்து காசில்லாமல் கிடைப்பது. இதுவரை அதைச் சும்மா போட்டுக்கொண்டிருந்தோம். ஆலையின் முகப்பில், சாலையிலிருந்து பார்வை படும் இடத்தில், கிளுவையை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே மருதாணி, நொச்சி, ஆடாதொடை. ஆடாதொடையை ஆடு தொடாது என்பதால் தெரு ஆடுகள் திரியும் இடத்துக்கு அது மிகவும் தோது. களாக்காய் முள்ளும் நல்ல வேலிதான், ஆனால் வளரப் பொறுமை வேண்டும். எது வைத்தாலும் கிளை சாலைப் பக்கம் நீளாமல் ஆண்டுக்கு இருமுறை கழித்துவிடுவதையும் பராமரிப்பில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்றங்காலுக்கு 10 சென்ட் இடம் போதும். ஆலைக்காரர்கள் கேட்பது நான்கைந்து அடிக் கன்று. சிறிய பையில் அதை வளர்க்க முடியாது. முதலில் சிறிய பையில் முளைக்கவைத்து, ஒரு முழம் வந்ததும் பெரிய பைக்கு மாற்ற வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு என்ற கலவையே போதுமானது. பைகளை வெறும் தரையில் அடுக்காமல் கீழே பாலிதீன் தாள் விரித்து அடுக்குங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் வேர் தரைக்குள் இறங்கிவிடும். எடுக்கும்போது அறுந்து கன்று சாகும். அதிக நாள் பையில் நின்ற கன்றுக்கு அடி வேர் பம்பரக் கயிறு மாதிரி சுருண்டிருக்கும். நடுமுன் பையின் அடியை ஒரு அங்குலம் வெட்டிச் சுருண்ட வேரை நறுக்கிவிட வேண்டும். மேலுக்கு நன்றாக இருந்து மூன்றாம் ஆண்டில் காற்றுக்குச் சாயும் மரங்களில் பலவும் இந்தச் சுருண்ட வேரால்தான் சாய்கின்றன.

விதைக்கும் காலத்தைத் தவறவிடக் கூடாது. வேம்பு, நாவல், இலுப்பை மூன்றும் ஆனி, ஆடியில் விழும். மூன்றுமே நெல்விதைபோலக் குதிரில் கிடக்காது. வேப்பங்கொட்டையைச் சதை போகக் கழுவி நிழலில் உலர்த்தி இரண்டு வாரத்துக்குள்ளும், நாவலையும் இலுப்பையையும் எடுத்த வாரத்திலேயும் விதைத்துவிட வேண்டும். புங்கன் நெற்றைக் கோடையில் சேகரித்துக்கொள்ளலாம். பூவரசைப் போத்தாகவே நடலாம். இன்று விதைத்தால் அடுத்த ஆண்டு புரட்டாசிக்குத்தான் ஆலைக்கு ஏற்ற கன்று கிடைக்கும்.

விலையை இங்கே எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். பை, மண், எரு, ஓராண்டுத் தண்ணீர், ஆள் கூலி எல்லாவற்றையும் கூட்டி, நூற்றுக்கு இருபது கன்று வீணாகும் என்று வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆந்திராவில் ராஜமுந்திரியை அடுத்த கடியம் பகுதிப் பண்ணைகளிலிருந்து லாரி லாரியாக அலங்காரச் செடி வருகிறது. வனத்துறை நாற்றங்கால்களில் மலிவாகவும் கன்று கிடைக்கிறது. கன்று விலையில் இவர்களோடு போட்டி போட நம்மால் ஆகாது. ஆனால் அவர்கள் யாரும் மாசி, பங்குனி வெயிலில் வந்து பாத்தி கட்ட மாட்டார்கள். ஆலைக்கு மூன்று கிலோமீட்டரில் குடியிருக்கும் நம்மால் அது முடியும். அதற்குத்தான் பணம் கேட்க வேண்டும்.

கன்றுக்குச் சரக்கு சேவை வரி கிடையாது. நடவு, பராமரிப்பு வேலைக்கு உண்டு. ஆனால் ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டாத வரையில் நாம் பதிவு செய்துகொள்ளத் தேவையில்லை. எனவே கன்றுக்கு ஒரு பில், வேலைக்கு ஒரு பில் என்று தனித்தனியாக எழுதுங்கள். வேலைக் கூலியில் வருமான வரி பிடித்துக்கொண்டால் அதற்கான சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதக் கடைசியில் ஆள் வந்து உடனே நடச் சொன்னால், கத்திரி வெயிலில் நட்டு அறிக்கைக்குப் படம் பிடித்துக் காட்டலாமே தவிர அந்தக் கன்று பிழைக்காது என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். ஆவணியில் இரண்டடி ஆழ அகலத்தில் குழி எடுத்து ஆறப்போட்டு, புரட்டாசி, ஐப்பசி மழையில் நட்டால் டிசம்பர் அறிக்கைக்குக் கன்று துளிர்விட்டு நிற்கும். சொன்னபோது எங்கள் பக்கத்து ஆலை மேனேஜர் ஒருவர் முதலில் முகம் சுளித்தார். மறு ஆவணியில் அவரே குழி எடுக்க ஆள் கேட்டுத் தகவல் அனுப்பினார். கூடவே, மதிலோரம் நிற்கும் கோனோகார்பஸை வேரோடு எடுக்க எத்தனை நாளாகும் என்றும் கேட்டிருந்தார்.