ஒரே நிலா... பல கணக்கு!

பங்குனி வந்தால் காரைக்குடி வட்டாரத்தில் கம்பன் விழா களைகட்டும். மகம், பூரம், உத்திரம் நட்சத்திர நாள்களில் காரைக்குடியிலும், அடுத்து வரும் அத்தத்தன்று கம்பர் அடங்கியதாகச் சொல்லப்படும் நாட்டரசன்கோட்டையிலும் விழா நடப்பது மரபு. இங்கே தேதி குறிப்பது நிலா. அது நாளுக்கொரு நட்சத்திரமாக நகர்ந்து, சுமார் 27 நாள்களில் வானத்தை ஒரு சுற்று வந்துவிடும். நட்சத்திரங்கள் 27 ஆனது அதனால்தான்.

மாதமும் அதுவே, கிழமையும் அதுவே

'திங்கள்' என்றால் நிலா, மாதம், கிழமை. அமாவாசைக்கு அமாவாசை சுமார் 29½ நாள். மாதக் கணக்கு பிறந்தது இப்படித்தான். இன்று தமிழ் மாதம் சூரியனை வைத்துக் கணிக்கப்பட்டாலும், பெயர் நிலா கொடுத்ததே. பௌர்ணமி விசாகத்தை ஒட்டி வந்தால் வைகாசி. கார்த்திகையை ஒட்டி வந்தால் கார்த்திகை. இஸ்லாமியர்களுக்கு இன்றும் 'பிறை' தெரிந்தால்தான் மாதம் பிறக்கும்.

'மதி' என்றால் நிலா, அறிவும்கூட. கம்பர் சமாதி மண்ணைக் குழந்தையின் நாவில் வைத்தால் கல்வி வரும் என்பது நாட்டரசன்கோட்டை மக்களின் நம்பிக்கை.

வளர்பிறை வேறு... மேல்நோக்கு நாள் வேறு!

விவசாயிகள் பலர் குழம்புவது இங்கேதான். வளர்பிறை, நிலாவின் வெளிச்சத்தை வைத்துச் சொல்வது. மேல்நோக்கு, கீழ்நோக்கு நாள்கள், நிலா நிற்கும் நட்சத்திரத்தை வைத்துச் சொல்வது. கம்பன் விழாவையே எடுத்துக்கொள்வோம். மகமும் பூரமும் பெரும்பாலும் பங்குனி வளர்பிறையில்தான் வரும். ஆனால், இரண்டும் கீழ்நோக்கு. உத்திரம் மேல்நோக்கு. அத்தம் சமநோக்கு. கிழங்கு நடக் கீழ்நோக்கு நாள், மேலே காய்ப்பவற்றுக்கு மேல்நோக்கு நாள் என்பது பழைய வழக்கம்.

ஆனால், சிவகங்கைச் சீமை மானாவாரியும் கண்மாயும் நம்பிய பூமி. மழை நாள் பார்த்துப் பெய்வதில்லை. விதை முளைக்க ஈரமும், சூடும், விதையின் தரமும்தான் முக்கியம். நல்ல நாளுக்காகக் காத்திருந்து ஈரத்தைக் கோட்டைவிட்டால், அந்தப் போகமே போய்விடும். ஈரம் இருக்கும்போது நாளும் அமைந்தால் மகிழ்ச்சி. அமையாவிட்டால் ஈரத்தையே நல்ல நாளாக எடுத்துக்கொள்ளலாம்.

விளக்குப்பொறி வைக்கும்போது மட்டும் நிலாவை அவசியம் பார்க்க வேண்டும். பௌர்ணமி வெளிச்சத்தில் பொறியில் விழும் அந்துப்பூச்சிகள் குறையும். இருட்டு நாள்களில் கூடும். அதனால் பௌர்ணமியன்று பொறி காலியாக இருந்தால், வயலில் பூச்சியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.