வீட்டுக்கு வீடு தாவும் செய்தி

உங்கள் வீட்டு வைஃபை ரவுட்டரை ஒரு நாட்டாண்மைக்காரர் எனலாம். தொலைபேசியும் கணிப்பொறியும் ஒரே மேசைமேல் இருந்தாலும், அவை பேசிக்கொள்வது பெரும்பாலும் அவர் மூலமாகத்தான். நாட்டாண்மை இல்லாத முறையும் ஒன்று உண்டு. அதுவே 'அட்-ஹாக்' முறை. ஒரே பெயரும் ஒரே அலைவரிசையும் வைத்துக்கொண்ட கருவிகள் இதில் நேருக்கு நேர் பேசும். ரவுட்டரையே இம்முறைக்கு மாற்றினால் அதுவும் பத்தோடு பதினொன்று ஆகிவிடும்.

இதனால் என்ன பயன் என்று கேட்கிறீர்களா? பெர்லின் நகரைப் பாருங்கள். 1990-இல் ஜெர்மனி ஒன்றான பின், கிழக்குப் பகுதியில் பல தெருக்களில் செம்புக் கம்பிக்குப் பதில் கண்ணாடியிழையைப் புதைத்தார்கள். பின்னர் வந்த விரைவு இணையமான டி.எஸ்.எல். செம்பில்தான் ஓடும்! புதுமையைப் பெற்ற வீடுகளே பின்தங்கின. 2003 வாக்கில் 'ஃப்ரைஃபுங்க்' என்னும் தன்னார்வலர்கள், கடையில் விற்கும் சாதாரண ரவுட்டர்களின் மென்பொருளை மாற்றிக் கூரைகளில் ஏற்றினர். இணைப்பு உள்ள வீட்டிலிருந்து அது இல்லாத வீடுகளுக்குத் தாவியது.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்று வீடுகள் வரிசையாக இருக்கின்றன. நடு வீட்டின் அலை இரு பக்கமும் எட்டுகிறது. முதல் வீட்டின் அலை மூன்றாம் வீட்டை எட்டவில்லை. அட்-ஹாக் முறை மட்டும் இருந்தால் அவை இரண்டும் பேச முடியாது. நடு வீட்டுப் பெட்டி தனக்கு வராத செய்தியைக் கைமாற்றித் தராது. அதற்கு வழிகாட்டும் மென்பொருள் வேண்டும். பெர்லினில் பயன்பட்ட ஓ.எல்.எஸ்.ஆர். அத்தகையது. ஒவ்வொரு பெட்டியும் சில விநாடிகளுக்கு ஒருமுறை, "நான் இருக்கிறேன், என் அண்டை வீட்டார் இன்னார்" என்று அறிவிக்கும். அதைக் கேட்டே முதல் வீடு, மூன்றாம் வீட்டுக்கு நடு வீடு வழி என்று அறிகிறது.

இதற்கு விலை உண்டு. ஒரே வானொலிக் கருவியால் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் இயலாது. நேரடியாக 20 மெகாபிட் கிடைத்தால், நடுவில் ஒரு வீடு வந்ததும் 10-தான். அதுவும் நல்ல நாளில்.

நீங்கள் செய்து பார்க்க விரும்பினால், பல ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் இந்த முறை இராது. 'ஓப்பன்டபிள்யூஆர்டி' போன்ற மாற்று மென்பொருள் தேவை. புதிய சில்லுகள் சில இதற்கு இசைவதுமில்லை. அவற்றில், வழி தேடுதலையும் சேர்த்து 2011-இல் வெளியான 802.11எஸ் முறை இருக்கிறதா என்று பாருங்கள். மறவாமல் ஒவ்வொரு பெட்டிக்கும் வெவ்வேறு முகவரி எண்ணை நீங்களே கொடுங்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு, ஏரியலைத் திருப்பித் திருப்பி வைத்துக் கொண்டிருப்பவர்கள் உண்டு.