கிராங்க் அதிர்வுத் தணிப்பி: கழற்றுதலும் பொருத்துதலும்

கிராங்க் அதிர்வுத் தணிப்பி என்பது பல சிலிண்டர்கள் கொண்ட எஞ்சினில் கிராங்க் தண்டின் முன்முனையில் பொருத்தப்படும் வட்ட வடிவ உறுப்பு ஆகும். பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டே கிராங்க் தண்டு. வணரித் தண்டு என்றும் இதைச் சொல்வர். அந்தத் தண்டில் எழும் முறுக்கு அதிர்வை அடக்குவது தணிப்பியின் வேலை. இதன் வெளிவிளிம்பில் பெல்ட் ஓடுவதற்கான பள்ளங்கள் இருப்பதால் பட்டறைகளில் 'கிராங்க் புல்லி' என்றே அழைக்கிறார்கள். 'டேம்பர் புல்லி', 'ஹார்மோனிக் பேலன்சர்' என்ற பெயர்களும் உண்டு.

ஆனால் இது வெறும் புல்லி அன்று. சாதாரணப் புல்லியை விளிம்பில் பிடித்து இழுத்துக் கழற்றலாம். தணிப்பியை அப்படிக் கழற்றினால் பார்வைக்குப் பழுதில்லாமல் இருக்கும், ஆனால் உள்ளே கெட்டுவிடும். அதன் விளைவு உடனே தெரியாது. வண்டி நெடுந்தொலைவு ஓடிய பிறகு கிராங்க் தண்டின் விரிசலாகவோ முறிவாகவோ வெளிப்படும். எனவே இதைக் கழற்றவும் பொருத்தவும் தனி முறை தேவைப்படுகிறது.

முறுக்கு அதிர்வு

நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு சிலிண்டர்களில் எரிபொருள் எரிகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. அதாவது நொடிக்கு 100 முறை தண்டின்மேல் விசை விழுகிறது. ஆறு சிலிண்டர் எஞ்சினில் இதே வேகத்தில் 150 முறை விழும். ஒவ்வொரு முறையும் தண்டு, ஈரத்துணியைப் பிழிவதுபோல, மிகச் சிறிய அளவில் முறுக்கிக்கொண்டு மறுகணம் திரும்புகிறது. பின்முனையில் கனமான ஃபிளைவீல் இருப்பதால் அந்த முனை அதிகம் அசைவதில்லை. முன்முனையே கூடுதலாக ஆடும். தணிப்பி முன்முனையில் வைக்கப்படுவது இதனால்தான்.

ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கே உரிய இயல்பு அதிர்வெண் உண்டு. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டினால் ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு ஒலியைத் தருவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தூணின் நீளமும் பருமனும் கல்லின் தன்மையும் சேர்ந்து அந்த ஒலியை முடிவுசெய்கின்றன. கிராங்க் தண்டுக்கும் இத்தகைய இயல்பு அதிர்வெண் உண்டு. எஞ்சினின் ஏதேனும் ஒரு வேகத்தில் எரிப்பு விசைகளின் அதிர்வெண்ணோ அதன் மடங்குகளோ இந்த எண்ணோடு பொருந்திவிட்டால் ஒத்ததிர்வு ஏற்படும். அப்போது சிறு முறுக்கு ஒவ்வொரு சுற்றிலும் வளரும். உலோகம் களைத்து நுண்விரிசல் விடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு சிலிண்டர் கார்கள் வந்தபோது அவற்றின் நீண்ட கிராங்க் தண்டுகளில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தலைதூக்கியது. பிரித்தானியப் பொறியாளர் ஃபிரடெரிக் லாஞ்செஸ்டர் 1910இல் முறுக்கு அதிர்வுத் தணிப்பிக்குக் காப்புரிமை கோரினார். அதே காலத்தில் ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனத்தின் ஹென்றி ராய்ஸும் இதற்குத் தீர்வு கண்டிருந்தார்.

அமைப்பு

இன்று கார்களில் மிகுதியாக உள்ளது ரப்பர் வகை. இதில் மூன்று பகுதிகள் உண்டு. தண்டில் உட்காரும் நடுப்பகுதி, மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடம் போன்றது. அதைச் சுற்றிக் கனமான இரும்பு வளையம் இருக்கும். இரண்டுக்கும் இடையே ரப்பர் இருக்கும். தண்டு முறுக்கி ஆடும்போது குடமும் கூடவே ஆடுகிறது. கனமான வளையம் சற்றுப் பின்தங்குகிறது. இடையிலுள்ள ரப்பர் நெளிந்து, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது.

கனரக டீசல் எஞ்சின்களில் திரவ வகையும் உண்டு. மூடிய கூட்டுக்குள் வளையம் ஒன்று கெட்டியான சிலிக்கோன் திரவத்தில் மிதக்கும். கூட்டுக்கும் வளையத்துக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளியே இருக்கும். கூடு சற்று நசுங்கினாலும் வளையம் உரசி நின்றுவிடும்; பிறகு அந்தத் தணிப்பி பயன்படாது.

எந்த எஞ்சின்களில் உள்ளது

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் வயலுக்கு நீர் இறைக்கும் ஒற்றை சிலிண்டர் ஆயில் எஞ்சினில் பொதுவாக இந்தத் தணிப்பி இருப்பதில்லை. அதன் பக்கத்தில் சுழலும் பெரிய சக்கரம் ஃபிளைவீல். சுழற்சியைச் சீராக வைப்பதே அதன் வேலை. ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் தண்டு குட்டையாகவும் தடிமனாகவும் இருப்பதால் முறுக்கு அதிர்வு பெரிய சிக்கலாவதில்லை. கார், ஜீப், சரக்கு வண்டி போன்ற பல சிலிண்டர் வண்டிகளிலும், ஆறு சிலிண்டர் பேருந்து, லாரிகளிலும் தணிப்பியை எதிர்பார்க்கலாம்.

கார், பிசானம் ஆகிய இரு பருவ அறுவடைகளிலும் நெல் ஏற்றும் வண்டிகள் ஓய்வின்றி ஓடுகின்றன. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் மலைப்பாதையில் வண்டிகள் சிறிய கியரில், சுமையோடு நெடுநேரம் ஏறவேண்டும். எஞ்சின் ஒரே வேக எல்லையில் நீண்ட நேரம் உழைக்கும்போது, தணிப்பி கெட்டிருந்தால் அதன் பாதிப்பு கிராங்க் தண்டின்மேல் முழுதாக விழும்.

பழுதின் அறிகுறிகள்

ரப்பரில் வெடிப்பு, பிதுக்கம், எண்ணெய் ஊறி இளகுதல், புல்லி ஆடியபடி சுழலுதல், பெல்ட் அடிக்கடி நழுவுதல் ஆகியவை வெளிப்படையான அறிகுறிகள். வளையம் குடத்தின்மேல் நழுவியுள்ளதா என அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போது குடம், ரப்பர், வளையம் மூன்றின் மேலும் ஒரே நேர்கோடாகப் பெயின்டால் கோடு இடவேண்டும். சில நாள் ஓட்டிய பிறகு எஞ்சினை நிறுத்திப் பார்க்கும்போது கோடு ஒடிந்து இரண்டாகத் தெரிந்தால் வளையம் நழுவுகிறது என்று பொருள். டைமிங் குறி வளையத்தில் இருந்தால் அந்தக் குறியும் இனி பொய்யாகிவிடும்.

கழற்றும் முறை

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றவேண்டும். வண்டிக்கு அடியில் செல்ல நேர்ந்தால் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக்கூடாது.

1. பெல்ட் ஓடும் பாதையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பெல்ட்டைக் கழற்றவேண்டும். ரேடியேட்டர் விசிறியின் மூடி இடைஞ்சலாக இருந்தால் அதையும் எடுக்கவேண்டும்.

2. நடு போல்ட்டைத் திருகும்போது கிராங்க் தண்டும் சுழலும். அதைத் தடுக்க, ஃபிளைவீலைப் பூட்டும் கருவி நல்லது. கருவி இல்லையென்றால் கியர் வண்டியில் உயர் கியரைப் போட்டு, மற்றொருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கலாம். ஸ்பேனரை எங்காவது முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரால் போல்ட்டைத் தளர்த்துவது ஆபத்தானது. ஸ்பேனர் தெறித்துக் கையை முறிக்கக்கூடும்.

3. போல்ட் எந்தப் பக்கம் தளரும் என்பதைச் சேவைக் கையேட்டில் பார்த்த பிறகே பலம் கொடுக்கவேண்டும்.

4. சில எஞ்சின்களில் தணிப்பி கையாலேயே வந்துவிடும். இறுக்கமாக இருந்தால் குடத்திலுள்ள மரையிட்ட துளைகளில் போல்ட் மாட்டி இழுக்கும் புல்லரைப் பயன்படுத்தவேண்டும். புல்லரின் நடுத்திருகு தண்டின் மரையைக் கெடுக்காதபடி இடையில் உலோக வில்லை வைக்கவேண்டும்.

விளிம்பைக் கவ்வி இழுக்கும் நகப் புல்லரைப் பயன்படுத்தக்கூடாது. இழுவிசை வளையத்தில் விழுந்தால் ரப்பர் கிழியும். சுத்தியலால் அடிப்பதும், நெருப்பால் சூடேற்றுவதும் கூடாது. எந்தக் கட்டத்திலும் விசை குடத்தின் வழியாகவே செல்லவேண்டும் என்பதே இந்த வேலையின் அடிப்படை விதி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை கொட்டியபோது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு ஓடியது. வெள்ளநீரில் நின்ற வண்டியில் குடமும் தண்டும் துருவால் ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்போது துரு தளர்த்தும் எண்ணெயை இடைவெளியில் மட்டும் விட்டு, ரப்பரில் படாமல் துடைத்து, ஊறவிட்ட பிறகு புல்லரால் மெதுவாக இழுக்கவேண்டும்.

சோதிக்க வேண்டியவை

கழற்றிய தணிப்பியில் ரப்பரையும், வளையம் முன்பின் நகர்ந்துள்ளதா என்பதையும் பார்க்கவேண்டும். ஆயில் சீல் உரசும் இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவு பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீல் போட்டாலும் எண்ணெய் கசியும். தண்டிலுள்ள சாவி, அது அமரும் காடி ஆகியவை தேய்ந்திருக்கக்கூடாது. கெட்ட தணிப்பிக்குப் பதிலாக அதே அளவுள்ள வெறும் இரும்புப் புல்லியைப் போட்டால் பெல்ட் ஓடும். ஆனால் அதிர்வு அடங்காது. ஒவ்வொரு தணிப்பியும் குறிப்பிட்ட கிராங்க் தண்டின் அதிர்வெண்ணுக்காகச் செய்யப்படுவதால் அந்த எஞ்சினுக்கு உரியதையே வாங்கவேண்டும்.

பொருத்தும் முறை

தண்டின் முனையையும் குடத்தின் உட்புறத்தையும் துடைத்து, புது ஆயில் சீல் போட்டு, அதன் உதட்டில் சிறிது எஞ்சின் ஆயில் தடவவேண்டும். சாவியும் காடியும் நேராக வரும்படி தணிப்பியை வைக்கவேண்டும். இறுக்கமான குடத்தை அடித்து ஏற்றினால் அந்த அடி கிராங்க் தண்டின் த்ரஸ்ட் பேரிங்கில் போய் விழும். பழைய போல்ட்டாலேயே இழுத்து ஏற்றவும் முயலக்கூடாது. தொடக்கத்தில் சில மரைகள் மட்டுமே பிடித்திருப்பதால் மரை உரிந்துவிடும். தண்டின் மரைக்குள் ஆழமாகப் போகும் நீண்ட திருகுக் கம்பியும் நட்டும் கொண்ட பொருத்து கருவியே ஏற்றது.

குடம் முழுதாக உட்கார்ந்த பிறகு நடு போல்ட்டை டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்கவேண்டும். சில எஞ்சின்களில் இந்தப் போல்ட் ஒருமுறை மட்டுமே பயன்படும். ஒவ்வொரு முறையும் புதியது போடவேண்டும். பிறகு கையால் கிராங்க் தண்டை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து, தடை எதுவும் இல்லையென்றால் பெல்ட்டை மாட்டலாம். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, தள்ளி நின்று, புல்லி ஆடுகிறதா, எண்ணெய் கசிகிறதா என்று கவனிக்கவேண்டும்.

வீட்டில் செய்யக்கூடாத எஞ்சின்கள்

ஃபோர்டின் டியூராடெக் போன்ற சில எஞ்சின்களில் கிராங்க் புல்லிக்குச் சாவி கிடையாது. நடு போல்ட்டின் இறுக்கமே டைமிங் சக்கரத்தையும் அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. போல்ட்டைத் தளர்த்திய உடனே டைமிங் விலகக்கூடும். அதனால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளலாம். இத்தகைய எஞ்சின்களுக்குத் தனிப் பூட்டுக் கருவிகள் வேண்டும். எனவே கையேட்டில் இந்த எச்சரிக்கை உள்ளதா என்று பார்ப்பதே முதல் வேலையாக இருக்கவேண்டும். கையேடும் சரியான புல்லரும் டார்க் ரெஞ்சும் கைவசம் இல்லாதபோது வேலையைப் பட்டறையில் ஒப்படைப்பது நல்லது.