கடலில்லா நகரில் ஒரு கடல்நீர்த் தொட்டி

வீட்டில் கடல்மீன் வளர்க்க விரும்புவோர் மீன்களுக்கு முன்பே வாங்க வேண்டியவை இரண்டு: தொட்டிக்குக் கீழே மறைந்திருந்து உழைக்கும் சம்ப்பும் ஸ்கிம்மரும்.

சென்னை மெரினா கடற்கரையில் 1909-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது இந்தியாவின் முதல் மீன்காட்சியகம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்படும்வரை அது மாநகரின் பெரும் ஈர்ப்பாக விளங்கியது. அதற்கு வேண்டிய கடல்நீர் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பெங்களூருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரிலிருந்து கிழக்கே சென்னைக் கடற்கரைக்கும் மேற்கே மங்களூருக் கடற்கரைக்கும் சாலை வழியே சுமார் 350 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஆயினும் கப்பன் பூங்காவில் 1983-இல் அமைந்த அரசு மீன்காட்சியகத்தைச் சிறுவயதில் கண்டு வளர்ந்த பலர், இன்று தங்கள் அடுக்குமாடி வீடுகளில் கோமாளி மீன்களையும் டாம்சல் மீன்களையும் வளர்க்கின்றனர்.

விருந்தினர் கண்ணுக்குத் தெரிவது நீல ஒளியில் நீந்தும் மீன்கள் மட்டுமே. அம்மீன்களின் ஆயுளை நிர்ணயிக்கும் கருவிகளோ தொட்டியைத் தாங்கும் அலமாரிக்குள், கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குவோர் பலர் மேலே தெரிவதற்குப் பணத்தைச் செலவிட்டுவிட்டுக் கீழே இருப்பதில் சிக்கனம் பார்க்கின்றனர். சில மாதங்களில் நீர் கெட்டு, மீன்கள் ஒவ்வொன்றாக மடிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகிறது.

சம்ப்: நமக்குப் பழக்கமான ஏற்பாடு

பெங்களூரில் 'சம்ப்' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. குழாய்நீர் தரையடித் தொட்டியில் சேர்கிறது. மோட்டார் அதை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து நீர் தானே இறங்குகிறது. மீன்தொட்டியின் சம்ப்பும் இதே முறையில்தான் இயங்குகிறது. மேல்தொட்டியின் விளிம்பிலிருந்து வழியும் நீர், குழாய் வழியே கீழுள்ள கண்ணாடித் தொட்டிக்கு இறங்கும். அங்கே தூய்மை பெற்ற நீரைப் பம்ப் மீண்டும் மேலே அனுப்பும்.

கீழ்த்தொட்டி பொதுவாக மூன்று அறைகளாகப் பிரிக்கப்படுகிறது. முதல் அறையில் நீர் வந்து விழும். அங்குள்ள வடிகட்டிப் பஞ்சு உணவுத் துகள்களையும் கழிவையும் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் அறையில் ஸ்கிம்மர் நிற்கும். மூன்றாம் அறையில் பம்ப் இருக்கும். அறைகளுக்கு இடையிலுள்ள தடுப்புக் கண்ணாடிகள் ஸ்கிம்மர் அறையின் நீர்மட்டத்தை மாறாமல் காக்கின்றன. காற்றுக் குமிழிகள் பம்ப்புக்குள் புகாமலும் தடுக்கின்றன. நீர் ஆவியாகும்போது மூன்றாம் அறையில் மட்டுமே மட்டம் குறையும். அந்த அளவுக்கு நன்னீரை ஊற்ற வேண்டும். நீர்தான் ஆவியாகிறதே தவிர உப்பு ஆவியாவதில்லை. குறைந்ததை உப்புநீரால் ஈடுசெய்தால் தொட்டியின் உப்புத்தன்மை நாளுக்கு நாள் ஏறிவிடும்.

பெல்லந்தூர் கற்றுத்தரும் பாடம்

ஸ்கிம்மர் செயல்படும் விதத்தை அறியப் பெல்லந்தூர் ஏரியை நினைத்துப் பார்த்தால் போதும். 2015-ஆம் ஆண்டு அந்த ஏரியிலிருந்து வெண்ணுரை பொங்கிச் சாலைகளில் பறந்ததையும், அந்நுரையில் தீப்பற்றியதையும் நாடே பார்த்தது. சோப்பு, சலவைத்தூள் போன்றவற்றின் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை நீரை நாடும். மறுமுனை நீரை விட்டு விலகும். ஆகவே அவை காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் திரள்கின்றன. ஏரியின் கடைவாயில் நீர் விழுந்து கலங்கும்போது குமிழிகள் உருவாகின்றன. இம்மூலக்கூறுகள் அவற்றைப் போர்த்திக்கொண்டு நுரையாக நிற்கின்றன.

மீன்தொட்டியிலும் இதே இயல்பு பயன்படுகிறது. மீன்களின் கழிவிலும் எஞ்சிய உணவிலும் உள்ள புரதங்களும் கொழுப்புகளும் அவ்வாறே குமிழிப் பரப்பில் ஒட்டிக்கொள்பவை. ஸ்கிம்மர் ஓர் உயரமான குழலுக்குள் இலட்சக்கணக்கான நுண்குமிழிகளை உண்டாக்கி, அவற்றோடு நீரைக் கலக்கச் செய்கிறது. கழிவைச் சுமந்த குமிழிகள் மேலேறி, நுரையாகத் திரண்டு, உச்சியிலுள்ள கிண்ணத்தில் தேநீர் நிறத்தில் நாற்றமடிக்கும் திரவமாகச் சேர்கின்றன. ஏரியில் கட்டுப்பாடின்றிப் பொங்கிய நுரை, இங்கே ஒரு கிண்ணத்துக்குள் அடங்குகிறது.

இதன் பயன் பெரிது. பிற வடிகட்டிகளில் தங்கும் கழிவு நீருக்குள்ளேயே அழுகுகிறது. அதிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீன்களுக்கு நஞ்சு. ஸ்கிம்மரோ கழிவின் ஒரு பகுதியை அழுகுவதற்கு முன்பே நீரைவிட்டு வெளியேற்றிவிடுகிறது.

இரண்டு செய்திகளை இங்கே குறிப்பிட வேண்டும். நன்னீரில் நுண்குமிழிகள் எளிதில் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். உப்புநீரில் அவை சிறியனவாகவே நிற்கும். எனவே கப்பி, தங்கமீன் வளர்ப்போருக்கு ஸ்கிம்மர் தேவையில்லை. மேலும், புதிய ஸ்கிம்மர் முதல் சில நாள்கள் சீராக நுரைக்காது. அதன் உட்பரப்பு பழகும்வரை ஓரிரு வாரம் பொறுத்திருக்க வேண்டும். கிண்ணத்தையும் அதன் கழுத்தையும் வாரம் இருமுறையேனும் கழுவ வேண்டும். கழுத்தில் படியும் பிசுக்கு நுரை ஏறுவதைத் தடுக்கும்.

மின்சாரம் நின்றால் நீர் எங்கே போகும்?

சம்ப் அமைப்பில் வரக்கூடிய பெரிய விபத்து, தரையில் பெருகும் நீர். கீழ்வீட்டாரின் கூரையில் கசியும் உப்புநீர் நட்புறவையும் கெடுக்கும்; பழுதுபார்ப்புச் செலவையும் கொண்டுவரும். அதைத் தவிர்க்க எளிய கணக்கு ஒன்று போதும்.

120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். பம்ப் நின்றதும், வழிந்தோடும் விளிம்பின் மட்டம்வரை மேல்தொட்டி நீர் கீழே இறங்கும். அது 3 செ.மீ. என்றால் 16 லிட்டருக்குச் சற்று மேல் ஆகிறது. குழாய்களில் நிற்கும் நீரும் இதனுடன் சேரும். கீழ்த்தொட்டி 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உடையதாக இருந்து, 20 செ.மீ. மட்டத்தில் இயங்கினால், அதில் 72 லிட்டருக்கு இடம் எஞ்சியிருக்கும். அச்சமில்லை. அதையே விளிம்புவரை நிரப்பி வைத்திருந்தால் முதல் மின்தடையிலேயே அறை நனையும்.

எதிர்த்திசையிலும் கணக்குப் பார்க்க வேண்டும். வடிகுழாய் அடைத்துக்கொண்டால், பம்ப் தன் அறையிலுள்ள நீர் முழுவதையும் மேலே ஏற்றிவிடும். அவ்வறை 20 லிட்டர் கொள்வதாயின், மேல்தொட்டியில் விளிம்புக்குக் கீழே 4 செ.மீ. இடைவெளி இருந்தால் அது 21 லிட்டருக்கு மேல் ஏற்கும். வடிகுழாய் இரண்டு இருப்பது இன்னும் நல்லது. ஒன்று அடைத்தாலும் மற்றொன்று காக்கும். நீர் திரும்பும் குழாயின் வாய் ஆழத்தில் இருந்தால், பம்ப் நின்றதும் அதே குழாய் வழியே நீர் பின்னோக்கி உறிஞ்சப்படும். குழாய் வாயை நீர்ப்பரப்பை ஒட்டி வைப்பதே இதற்குத் தீர்வு.

மீன் வாங்குவதற்கு முன் வெறும் குழாய்நீரை நிரப்பி, சுவிட்சை அணைத்துப் பாருங்கள். நீர் எங்கே நிற்கிறதோ அங்கே கோடு போடுங்கள். இச்சோதனையை மூன்று முறை செய்த பிறகே உப்பைக் கரைக்க வேண்டும்.

பெங்களூருக்கே உரிய சில கணக்குகள்

காற்று: 26 டிகிரி வெப்பத்தில் கடல்மட்ட ஊர்களில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், கடல்நீர் சுமார் 6.6 மில்லிகிராம் மட்டுமே. பெங்களூரின் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கரையும் ஆக்சிஜனும் அதே அளவில் குறைந்து, 6 மில்லிகிராமுக்குக் கீழே போகிறது. ஆகவே சென்னை நண்பரின் தொட்டியில் தாங்கும் மீன் எண்ணிக்கை இங்கே தாங்காமல் போகலாம். காற்றையும் நீரையும் இடைவிடாது கலக்கும் ஸ்கிம்மர் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

நீர்: நகரின் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 மார்ச் மாதத் தட்டுப்பாட்டின்போது, கார் கழுவவும் தோட்டத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்துவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. குழாய்நீரில் குளோரினும், ஆழ்துளைக் கிணற்று நீரில் மிகுந்த உப்புகளும் இருப்பதால், கடல்நீர் தயாரிக்க ஆர்.ஓ. நீரே ஏற்றது. அக்கருவி வெளியேற்றும் கழிவுநீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துவது கடமை. மேலே கூறிய அமைப்பு சுமார் 280 லிட்டர் நீர் கொள்ளும். அதற்கு ஏறக்குறைய 10 கிலோ கடலுப்புக் கலவை வேண்டும். சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல்நீரின் மெக்னீசியம், கால்சியம் முதலியன அதில் இல்லை.

எடை: நீர், கண்ணாடி, பாறை, மணல், தாங்கி எல்லாம் சேர்ந்து இவ்வமைப்பு 450 கிலோவை எட்டும். அது நிற்பதோ அரை சதுர மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இடத்தில். குடியிருப்பு அறைகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கே வடிவமைக்கப்படுகிறது. சுமை தளத்தில் பரவும் என்றாலும், தொட்டியை அறையின் நடுவில் வைக்காமல் உத்தரத்தின் மேல், சுவரை ஒட்டி வைக்க வேண்டும். கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நன்று.

கடலுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் பல்லாண்டுகள் சுண்ணாம்புக்காக வெட்டி எடுக்கப்பட்டன. 1986-இல் அங்குள்ள 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பாறை உருவாக்கும் பவளங்கள், கடல் விசிறிகள், கடற்குதிரைகள், கடல் அட்டைகள் ஆகியவை 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. நம் கடலிலிருந்து எடுத்த பவளத்தை அழகுக்காகத் தொட்டியில் வைப்பது குற்றம். உயிரற்ற பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். செயற்கைப் பாறைகளே போதும். அவற்றின் நுண்துளைகளில் பாக்டீரியாக்கள் செழித்து வளரும்.

மீன்களைப் பொறுத்தவரை, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தவையா என்று கேட்டு வாங்குவது சிறப்பு. மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்யும் நுட்பத்தை உருவாக்கியுள்ளது. தொட்டியிலேயே பிறந்த மீன் தொட்டி வாழ்வுக்கு எளிதில் பழகும், கடலும் வெறுமையாகாது.

பட்டியலைக் கீழிருந்து எழுதுங்கள்

வாங்கும் விலையை மட்டும் பார்த்து இப்பொழுதுபோக்கில் இறங்கக் கூடாது. 40 வாட் பம்ப்பும் 20 வாட் ஸ்கிம்மரும் நாள் முழுதும் இயங்கினால் மாதம் 43 யூனிட் மின்சாரம் ஆகும். 60 வாட் விளக்கை நாளுக்கு 8 மணி நேரம் எரித்தால் மேலும் 14 யூனிட். நீர் மாற்ற உப்பு, ஆர்.ஓ. வடிகட்டி, பஞ்சு, உணவு ஆகியவை மாதந்தோறும் தொடரும். மின்தடைக்கு இன்வெர்ட்டரும், பம்ப் பழுதானால் உடனே மாற்ற ஒரு உபரிப் பம்ப்பும் வேண்டும்.

எனவே செலவுப் பட்டியலில் முதலில் தாங்கியும் சம்ப்பும் இடம்பெறட்டும். அடுத்து ஸ்கிம்மர், பம்ப், குழாய்கள். பின்னர் உப்பும் பரிசோதனைக் கருவிகளும். அதன் பிறகு ஆறு மாதப் பராமரிப்புத் தொகை. நீர் நிரப்பியபின் பாக்டீரியாக்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் என்று சோதனை காட்டிய பிறகே முதல் மீன் வரலாம். பட்டியலின் கடைசி வரியை எட்டும்போது பணம் போதவில்லை எனில், தொட்டியின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஸ்கிம்மரை விட்டுவிடாதீர்கள்.